இருநூற்றுப் பன்னிரண்டாவது பதில்

எங்கள் ஊர் கைவோலாவுக்குக் காகிதக்கூழ் ஆலை வந்து எழுபது வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து ஊர்க் காற்றில் அழுகிய முட்டை வாடை. கல்யாண ஆல்பத்தைத் திறந்தால்கூட அடிக்கும் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு மோந்து பார்க்கட்டும்.

அந்த ஆலையில் ரைலி என்று ஒருத்தி. முப்பத்தொரு வருஷ சர்வீஸ். முதல் இருபது வருஷம் கூழ் கழுவும் பகுதியில். முழங்கால் தேய்ந்த பிறகு மாடியில், பணியாளர் அலுவலகத்தில். ஆட்களை எண்ணுவதுதான் அவள் வேலை. கம்பெனி வருஷா வருஷம் வெளியிடும் நிலைத்தன்மை அறிக்கைக்காக ஆண் எத்தனை, பெண் எத்தனை, ஐம்பதைத் தாண்டியவர் எத்தனை, வேறு தாய்மொழிக்காரர் எத்தனை, இவர்களில் வேலையில் மனசு ஒட்டி இருப்பவர் எத்தனை என்று அவள்தான் எழுதிக் கொடுப்பாள். வசந்தத்தில் ஏரிக்கு வந்திறங்கும் அன்னங்களை ஒரே பார்வையில் ஆண், பெண் என்று பிரித்துவிடுவாள். அதில் வயசானது எத்தனை என்றும் சொல்வாள். நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

அந்த மார்ச் மாதம் அவளுடைய எண்ணிக்கை முதல்முறையாக இடறியது. ஆலையின் பணியாளர்கள் இருநூற்றுப் பதினொரு பேர். வேலையில் மனசு எப்படி என்று கேட்ட கருத்துக்கணிப்புக்கு வந்த பதில்கள் இருநூற்றுப் பன்னிரண்டு.

மேலாளர் யூசோவுக்கு முப்பத்துநான்கு வயசு, எதற்கும் கலங்காத முகம். ஏலக்காய் பன்னைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே சொன்னான். “நூறு சதவீதத்துக்கு மேல ஈடுபாடு. நாட்டுலயே நாமதான் முதல்.”

“நாளைக்குத் தணிக்கைக்காரங்க வருவாங்க. அவங்க சிரிக்க மாட்டாங்க” என்றாள் ரைலி.

“அப்போ ஒண்ணைத் தூக்கிடு.”

“எதை?”

“மோசமா எழுதினது எதையாவது. இதை மட்டும் தொட்டுடாதே. அறிக்கையில பெரிய எழுத்துல போடப்போறேன்.” திரையைப் பார்த்து வாசித்தான். “‘இங்கே எனக்குச் சந்தோஷம். மூன்றாம் நிலவறையில் முன்பு நாற்றம் தாங்காது. இந்த வாரம் இறங்கினால் இரண்டே நிமிஷத்தில் நாற்றம் போய்விடுகிறது. யார் சரிசெய்தார்களோ, அவர்களுக்கு நன்றி.’ எவ்வளவு அழகா இருக்கு பாரு.”

ரைலி காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். கழுவும் பகுதியில் வேலை பார்த்த எல்லோருக்கும் அது தெரியும். முட்டை வாடை அடிக்கும் அந்த வாயு கொஞ்சமாக இருக்கும்வரைதான் நாறும். கெட்டிப்பட்டால் முதலில் மூக்கைக் கொல்லும். அப்புறம் ஆளை.

“இதை எழுதினது யாரு?”

“பேர் கேட்காத கணிப்பாச்சே. அந்த விதியை எழுதினதே நீதான்.”

“எந்த மொழியில வந்துது?”

யாரும் விடுபட்டுவிடக் கூடாதென்று அந்த வருஷம் ஏழு மொழிகளில் கேள்வி கேட்டிருந்தார்கள். யூசோ தேடிப் பார்த்தான். “எஸ்தோனிய மொழி.”

ரைலியின் பட்டியலில் எஸ்தோனியர் ஒருவர்கூட இல்லை. ஆனால் உணவறை மூலையில், எல்லோரும் பதில் தட்டும்படி வைத்திருந்த கணிப்புத் தொடுதிரையின் முன்னால், நீல உடுப்புப் போட்ட ஒருத்தி விரலால் தட்டிக்கொண்டிருந்ததை அவள் பார்த்திருந்தாள். உர்வே. துப்புரவு ஒப்பந்தக்காரர் அனுப்பும் ஆள். ஒப்பந்த ஆட்கள் அந்தப் பட்டியலில் வர மாட்டார்கள்.

“மூணாம் நிலவறையை எத்தனை மணிக்குக் கழுவுறாங்க?”

“ரெண்டு மணிக்கு. ஏன்?”

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு ஐந்து.

“மீட்புப் படையைக் கூப்பிடு யூசோ. வாயுன்னு சொல்லு. அப்புறமா பன்னைத் தின்னு.”

நடையில் மாட்டியிருந்த வாயுமானியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். தேய்ந்த முழங்கால் அன்று எப்படி ஓடியது என்பதை வைத்தியர்கள் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். நிலவறைக் கதவைத் திறந்ததுமே மானி வீறிட்டது. பத்துப் படிகளுக்குக் கீழே, துடைப்பத்தை மடியில் போட்டுக்கொண்டு உர்வே உட்கார்ந்திருந்தாள்.

“நாத்தமே இல்ல ரைலி” என்றாள், நாக்கு குழற. “தலைதான் லேசா சுத்துது.”

ரைலியின் கால் ஒரு படி இறங்கிவிட்டது. அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். முகமூடி இல்லாமல் காப்பாற்ற இறங்கியவர்கள் இரண்டு பேரின் சவ அடக்கத்துக்கு அவள் போயிருக்கிறாள்.

“எழுந்து மேல வா.”

“ரெண்டு நிமிஷம்.”

வருஷத்துக்கு இரண்டு முறை மரியாதைப் பேச்சுக்கு வகுப்பெடுப்பவள் ரைலி. அந்த வகுப்பில் பேசக்கூடாதென்று போட்டுவைத்த பட்டியல் முழுவதையும் அன்று வாய்விட்டே படித்தாள்.

“உங்க ஊர்ல படியே கிடையாதா? ஏறத் தெரியாதா?”

“என்னது?”

“வேலையும் அரைகுறை. எங்க மாடி மூலையெல்லாம் ஒட்டடை.”

“உன் மாடி என் வேலை இல்ல.” உர்வே கைப்பிடியைப் பற்றினாள். ஒரு படி.

“சோம்பேறிங்களுக்குச் சொல்ல ஆயிரம் காரணம்.”

“நானா? காலை நாலு மணிக்கு எழுந்திருக்கறவ நான்.” இரண்டு படி. “உன் நாற்காலி தேயற அளவுக்கு என் கை தேஞ்சிருக்குடி.”

“வந்து காட்டு பார்ப்போம். உன் அம்மா உன்னைப் பெத்ததுக்கு...”

அம்மாவை இழுத்ததும் ஐந்து படி ஏறிவிட்டாள். அறையத்தான் வந்தாள் என்று நினைக்கிறேன். மேலேயிருந்து மூன்றாவது படியில் சரிந்தபோது, ரைலி மூச்சை அடக்கிக் குனிந்து, அவள் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே பனிமேல் இழுத்துப் போட்டாள்.

மீட்புப் படையின் முகமூடிக்காரர்கள் வந்தார்கள். உர்வே பனியை வாயில் அப்பிக்கொண்டு இருமினாள்.

“கீழ இன்னும் எத்தனை பேர்?” என்று தலைவன் ரைலியைக் கேட்டான். ஆலையில் ஆள் எண்ணுபவள் அவள்தானே.

இருநூற்றுப் பதினொரு பேரை வயசுவாரியாகச் சொல்வாள். நீல உடுப்புக்காரர்கள் எத்தனை பேர் என்று அவளுக்குத் தெரியாது. உர்வேயைப் பார்த்தாள்.

“எனக்கும் தெரியாது” என்றாள் உர்வே. “தினம் வேற வேற ஆளைத்தான் அனுப்பறாங்க. ஆனா நான் இறங்கறப்பவே கீழ வேற யாரோட வாளியோ ஒண்ணு இருந்துச்சு. தண்ணி இன்னும் சூடா இருந்துது.”