கதவின் நடுவில் ஒரு சிங்கம்

என் தம்பி சிவகாசியில் வீடு கட்டினான். வீடு என்று சொன்னால் கோபித்துக்கொள்வான். பங்களா என்று சொல்ல வேண்டும். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன், எதற்கும் இருக்கட்டும் என்று திங்கட்கிழமை வாஸ்துக்காரரையும் பார்த்துவிட்டு வந்தான். இரண்டு பக்கமும் சொல்லி வைத்தால் நல்லதுதானே.

அந்தப் பங்களாவுக்கு மூன்றரை அடி அகலத்தில் தேக்கு வாசல் கதவு. உள்ளேயும் வெளியேயும் நட்டநடுவில் ஒரு பித்தளைச் சிங்கம் வாயில் வளையத்தைக் கவ்விக்கொண்டிருந்தது. அதுதான் கைப்பிடி. ஏசி காற்று போய்விடக் கூடாதென்று சட்டத்தைச் சுற்றி ரப்பர் வேறு. சாத்தினால் கதவு அப்படியே கவ்விக்கொள்ளும். வீட்டில் எல்லோரும் மூச்சுப்பிடித்து இழுத்துத் திறந்துவிட்டு, ஆகா என்ன கதவு என்றார்கள்.

திறக்க முடியாத ஒரே ஆள் எங்கள் அம்மா. விஸ்வநத்தத்தில் பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்தவள். ஒரு விபத்தில் வலது கை வெந்து, விரல்கள் பாதி மடங்கியபடியே நின்றுவிட்டன. இடது கையில் மூட்டுவலி. வாசலுக்குப் போக யாரையாவது கூப்பிட வேண்டும், கூப்பிட மாட்டாள். அவள் வேலை பார்த்த அறைகளில், வெடித்தால் உடனே வெளியே ஓடுவதற்காக, கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும், வேலை நேரத்தில் சாத்தவே கூடாது. அப்படி இருந்தவளை ஏசி போட்டுப் பூட்டி வைத்து, சுகமாக இருக்கிறாள் என்று தம்பி ஊரெல்லாம் சொன்னான்.

நான் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள். திருப்புத்திறன் பாடத்துக்கு வருஷாவருஷம் கதவைத்தான் உதாரணம் சொல்கிறேன். கீலிலிருந்து தள்ளிப் பிடிக்கப் பிடிக்க, குறைந்த பலம் போதும். என் மாணவர்கள் இதைக் கேட்டுத் தூங்கிவிடுவார்கள். கைப்பிடியை ஓரத்துக்கு மாற்றச் சொல்லி தம்பிக்கும் இதையே நடத்தினேன். அவன் அந்த மரியாதையைக்கூடத் தரவில்லை, போனைப் பார்த்தான்.

“ஏலே, லாரி சக்கரத்துல நட்டு கழலலைன்னா ஸ்பானர்ல பைப்பு சொருகுறேல்ல, எதுக்கு?”

“பிடி நீளமா இருந்தா லேசா கழலும்க்கா.”

“கதவுக்கும் அதான்லே.”

“அது லாரி. இது வீடு. நடுவுல இருந்தாத்தான் எடுப்பா இருக்கும்.”

சொந்தமாக லாரி ஓட்டிப் பட்டாசு லோடு அடிக்கிறவன் சொன்ன பதில் இது.

ஒருநாள் மத்தியானம் நான் தம்பி வீட்டில் இருந்தபோது, எங்கேயோ டமார் என்று ஒரு சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நான் ஓடிவந்து பார்த்தபோது அம்மா இரண்டு கையாலும் வளையத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். கதவு அசையவில்லை. தம்பி வந்து திறந்துவிட்டு, “பயப்படாதம்மா” என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சிங்கத்தை அப்படியே பிடுங்கி எறிந்திருப்பேன்.

மறுநாள், வெளிநாட்டில் இருக்கும் என் வீட்டுக்காரர் பெட்டி எடை பார்க்க வாங்கிய கொக்கித் தராசை எடுத்துப் போனேன். சிங்கத்தின் வளையத்தில் மாட்டி இழுத்தேன். எட்டு கிலோ காட்டியபோது கதவு விட்டது. ஓரத்தில் சாவித்துளையில் கயிறு கட்டி இழுத்தேன். நாலிலேயே வந்துவிட்டது. நடுவில் எட்டு, கீலிலிருந்து ஒன்றேமுக்கால் அடி, பெருக்கினால் பதினாலு. ஓரத்தில் நாலு, மூன்றரை அடி, அதுவும் பதினாலு. கதவு கேட்பது எப்போதும் அந்தப் பதினாலுதான், எங்கே நின்று கொடுக்கிறோம் என்பதில்தான் பாடு.

“என் கையில எம்புட்டு இருக்குன்னு பாரு” என்றாள் அம்மா. மடங்கிய விரல்களில் கொக்கியை மாட்டி இழுத்தாள். முகம் சிவந்தது. அஞ்சு.

“ஏட்டி, அஞ்சு போதுமா?” என்று கேட்டாள், ஏதோ பரீட்சையில் தோற்றவள் போல. எனக்கு அழுகை வந்துவிட்டது. தம்பி தராசையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்று சாயங்காலமே ஆசாரி வந்தார். கைப்பிடி ஓரத்துக்குப் போனது. சிங்கம் இப்போதும் நடுவில்தான் இருக்கிறது, வேலையில்லாமல், விருந்தாளிகளை முறைத்துக்கொண்டு. கைப்பிடியை மாற்றும் யோசனை தன்னுடையது என்று தம்பி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

போன மாதம் மறுபடி ஒரு சத்தம். நானும் தம்பியும் சோபாவில் உட்கார்ந்தபடியே, வெடித்தது கம்பெனியிலா கல்யாண வீட்டிலா என்று வாக்குவாதம் செய்துகொண்டிருந்தோம். அம்மா எழுந்து போய் அந்த வலது கையாலேயே கதவைத் திறந்தாள். என் கணக்கு ஜெயித்துவிட்டது என்று உள்ளூரப் பூரித்தேன். அம்மா தப்பித்துவிட்டாள்.

அவள் வெளியே போகவில்லை. கதவை விரியத் திறந்து, முதுகை அதில் முட்டுக்கொடுத்து நின்றாள்.

“ஏலே, எந்திரிங்க! ரெண்டு பேரும் மொதல்ல வெளிய போங்க!”

“கல்யாண வீட்டு வெடிம்மா” என்றான் தம்பி.

“என்ன வெடியா இருந்தா என்னலே? போங்க!”

அன்றைக்கு அவள் சிங்கத்தோடு மல்லுக்கட்டியதும் எங்களை வெளியே அனுப்பத்தான். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து போனோம். நாங்கள் இருவரும் படி இறங்கிய பிறகுதான் அம்மா கதவை விட்டாள்.