படிப்பில் இஷ்டமில்லாதவள்

மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் எனக்கு வேதியியல் கிடைத்திருந்தது. சேர வேண்டிய நாளன்று வாடிப்பட்டியிலிருந்து அண்ணன்தான் பைக்கில் கூட்டிப்போனான். அப்பா இல்லாத வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். சமயநல்லூர் தாண்டுவதற்குள் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினான்.

"இங்க பாரு பாப்பா, டிகிரியெல்லாம் சும்மா பேப்பரு. நான் இன்ஜினியரிங் முடிச்சு என்னத்தக் கிழிச்சேன்? பைக் ஷோரூம்ல நின்னு வாரவன் போறவனுக்கெல்லாம் வணக்கம் போடுறேன். ஒனக்கும் இந்தக் கதி வேணுமா?"

வேறு யார் சொல்லியிருந்தாலும் போய் வேலையைப் பார் என்றிருப்பேன். இவன் பட்டவன். பேசும்போது கண் வேறு கலங்கியது. அது எனக்காக என்று நினைத்தேனே, என் புத்தியை என்னத்தைச் சொல்ல! டீயைக் குடித்துவிட்டு, "சரிண்ணே, வண்டியத் திருப்பு" என்றேன். டீக்கடையில் அண்ணன் சொன்னதையெல்லாம் கேட்டு, வீட்டு வாசலில் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அம்மாவுக்கு அப்போது முதுகுவலி. சமையல், துணி, அண்ணனுக்கு மதியச் சாப்பாடு கட்டுவது எல்லாம் என் தலையில் விழுந்தது. தற்செயலாக விழுந்ததென்றே மூன்று வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தோம். அவன் போட்ட ஒரே கண்டிஷன், "பொண்ணு டிகிரி முடிச்சிருக்கணும்." நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். "டிகிரி பேப்பருன்னு சொன்னியேண்ணே?" என்றேன். "அது வேற, இது வேற" என்று தட்டை நீட்டினான்.

சோழவந்தானில் ஒரு இடம் அமைந்தது. பார்க்கப் போனபோது பெண்ணின் அம்மா என் கையில் கேசரியைக் கொடுத்து, "நீ என்னம்மா படிச்சிருக்க?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான்.

"அவளுக்குப் படிப்புல இஷ்டமில்ல அத்தை. சீட்டுக் கெடச்சும் போகமாட்டேன்னுட்டா. நான் எம்புட்டோ கெஞ்சிப் பாத்தேன்."

அம்மாவைப் பார்த்தேன். எல்லாம் தெரிந்த என் அம்மா சிரித்துக்கொண்டே, "ஆமா, சரியான பிடிவாதக்காரி" என்றாள். அண்ணன் சொன்னதைக்கூடத் தாங்கியிருப்பேன்.

"இப்ப இஷ்டம் வந்துருச்சு அத்தை" என்றேன். "இந்த வருசமே சேரப் போறேன். அண்ணன்தான் அம்புட்டுக் கெஞ்சுச்சே, அதுவே கூட்டிட்டுப் போயிச் சேத்துவிடட்டும்."

"நல்ல காரியம் மாப்ள, விட்றாதீக" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினான்.

காரில் ஏறியதும் அம்மா பிடித்துக்கொண்டாள். "சபையில வச்சு அவன் மானத்த வாங்கிட்டியேடி. ஆமான்னுட்டு வந்தா என்ன, கொறஞ்சா போயிருவ?"

கல்யாணம் முடிந்து, கல்லூரியில் சேரும் நாள் வந்தபோது அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லையாம். நானே பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தேன். என்னோடு பள்ளியில் படித்தவர்கள் அதற்குள் டிகிரியே முடித்திருந்தார்கள். வகுப்பில் எல்லாரும் என்னை அக்கா என்கிறார்கள். இந்தப் படிப்பால் வேலை கிடைக்குமா என்றால், தெரியாது. அண்ணன் அன்றைக்குச் சொன்னது உண்மையாகவே இருந்து தொலைக்கலாம், அதுதான் இன்னும் எரிச்சல்.

போன வாரம் அண்ணியின் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் புத்தகத்தோடு உள்ளே போவதைப் பார்த்து ஒருவர் விசாரித்தார்.

"தங்கச்சி வேணாம்னுதான் சொன்னா" என்றான் அண்ணன். "நான்தான் விடாப்பிடியா நின்னு காலேஜ்ல சேத்துவிட்டேன்."

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் போட்டாள்.