நினைத்தார், தண்ணீர் வடிந்தது

ஜெயராணி அக்கா இறந்த செய்தி வந்த அன்று, நம் ஆலயத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பின் ஒருவராக, "ஜெபத்தில் நினைத்துக்கொண்டே இருந்தோம்" என்று எழுதினீர்கள். அவரைப் போய்ப் பார்க்க வேண்டியவள் நான் என்பதையும், நான் போகவில்லை என்பதையும் அங்கே சொல்லவில்லை.

ஞாயிறு ஆராதனையில் வாசிக்கும் நோயாளிகளின் பட்டியலை அக்காதான் எழுதுவார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அந்த வாரம் நேரில் போகிறவரின் பெயரும் இருக்கும். போக ஆள் இல்லையென்றால், பிறை வட்டாரத்துத் தொழிற்சாலையில் வேலை முடிந்து, அதே சீருடையில் அவரே போவார்.

தொழிற்சாலைப் பேருந்தில் கைப்பேசியைப் பார்த்தே எபிரேயம் கற்றவர். ஒருமுறை வேதபாட வகுப்பில் 'ஸாக்கார்' என்ற வினைச்சொல்லைப் பலகையில் எழுதினார். நினைப்பது என்று பொருள். கடவுள் ஒருவரை நினைத்தார் என்று வரும் இடங்களில், கதை அதோடு நிற்பதில்லை. அடுத்து ஏதாவது நடக்கிறது என்றார். பிள்ளையில்லாத அன்னாளை நினைத்தார், பிள்ளை பிறந்தது. அந்த வாரம் மருத்துவமனைக்குப் போகாத டேவிட் அண்ணன், "மனசுல நெனச்சிக்கிட்டுதான் இருந்தேன்" என்று சமாளித்தார். அக்கா விடவில்லை.

"வெள்ளத்துல நோவாவ நெனச்சாரு, தண்ணி வடிஞ்சிச்சு. நீங்க நெனச்சீங்களே, என்னாண்ணே வடிஞ்சிச்சு?"

"இப்ப எனக்கு வேர்வதான் வடியுதுலா."

வகுப்பே சிரித்தது. மறுநாள் அண்ணன் மருத்துவமனைக்குப் போனார்.

அக்காவுக்குப் புற்றுநோய் முற்றியபோது பட்டியல் என் கைக்கு வந்தது. அவர் பெயருக்கு எதிரே என் பெயரையே எழுதினேன். மூன்று ஞாயிறுகள் அவர் பெயரைத் தெளிவாக வாசித்தேன். சுங்கை பினாங்கில் இருக்கும் அவர் வீட்டுக்கு ஒருநாளும் போகவில்லை. மெலிந்துபோன அந்த முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. வேலை இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு அவரே குரல்செய்தி அனுப்பினார். மூச்சு வாங்கியது. "பிஸியாம்மா? பரவால்லலா. எனக்கு ஒண்ணும் வேணாம். அம்மா தனியா பயப்படுறாங்க, அவங்ககூட கொஞ்ச நேரம் உக்காரு, போதும்."

நாளைக்குப் போகலாம் என்றிருந்தேன். மறுநாள் காலை இறந்துவிட்டார்.

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த ஒரு வினைச்சொல். அதை இப்போது வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

அடக்கம் முடிந்த ஞாயிறு, அவருடைய அம்மாவின் பெயரை வாசித்தேன். வியாழக்கிழமை போனேன். வீடு பூட்டியிருந்தது. முந்தின நாளே அக்காவின் தம்பி வந்து அம்மாவை ஈப்போவுக்கு அழைத்துப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.