இரண்டு வண்டியிலும் நான் இல்லை

ஏழெட்டு வருடங்களுக்கு முன், ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. பினாங்குத் தீவின் வட கோடியில், மலையை ஒட்டி, தண்ணீர் விளையாட்டுகள் நிறைந்த ஒரு தீம் பார்க் இருக்கிறது. ஒவ்வொரு வருட விடுமுறையிலும் அங்கே ஒருநாள் போவது எங்கள் வீட்டு வழக்கம். தீபாவளிக்குப் புதுத்துணி இல்லை என்றால்கூட என் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள், இதை மட்டும் விடமாட்டார்கள்.

எங்களுக்கு ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு. கணவரின் தம்பி குடும்பம் சிம்பாங் அம்பாட்டில் இருக்கிறது. அன்றைக்கு மட்டும் கொழுந்தனார் சோம்பல் படாமல் எழுந்து, வேனில் எல்லோரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு, பாலம் தாண்டி எட்டு மணிக்கெல்லாம் எங்கள் வீட்டுக் கீழே வந்து ஹாரன் அடிப்பார். அதற்குப் பிறகு எங்கள் காரும் அவர் வேனும் கடலோரத்து வளைவுச் சாலையில் ஊர்வலம் போகும். எந்தப் பிள்ளை எந்த வண்டியில் ஏறும் என்பது கதவு சாத்தும்வரை யாருக்கும் தெரியாது. போகும்போது ஒரு வண்டியில் இருந்தவர்கள் வரும்போது வேறு வண்டியில் இருப்பார்கள். இந்தக் குழப்பத்தில்தான் பிள்ளைகளுக்குப் பாதி சந்தோஷம்.

உள்ளே போய்விட்டால் ஆளுக்கொரு பைத்தியம். பெரியவனுக்கு உயரமான சறுக்கு. மலைச்சரிவில் படி ஏறி, ரப்பர் மிதவையைத் தலையில் வைத்துக்கொண்டு மேலே போய், அலறிக்கொண்டு கீழே வந்து, மூச்சு வாங்குவதற்குள் மறுபடியும் ஏறப் போய்விடுவான். நடுவில் பிறந்த மகள் அதற்கு நேரெதிர். மெதுவாக ஓடும் கால்வாயில் மிதவைமேல் படுத்துக்கொண்டு, மகாராணி தேரில் போகிற மாதிரி சுற்றிச் சுற்றி வருவாள். கடைக்குட்டிக்கு அப்போது ஆறு வயது. ஒரு பெரிய வாளி நிரம்பி நிரம்பித் தலைமேல் கவிழுமே, அதன் அடியிலிருந்து அவளைப் பிடுங்கிக்கொண்டு வருவதே பெரும்பாடு. என் கணவர் விஷயம் இன்னும் வேடிக்கை. செயற்கை அலைக் குளத்தில் மார்பளவு தண்ணீரில் கண்ணை மூடி நிற்பார். பத்து நிமிடத் தூரத்தில் அசல் கடலே இருக்கிறது, இத்தனை வெள்ளி கொடுத்து இங்கே வந்து அலையில் நிற்கிறீர்களே என்று நான் ஒவ்வொரு வருடமும் கேட்பேன். "இந்த அலைக்கு நேரம் தெரியும்மா" என்பார்.

எனக்குப் பிடித்தது பெஞ்சில் உட்காருவது. அப்படித்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். பைகள், துண்டுகள், மாற்றுத்துணி, கைப்பேசிகள், கண்ணாடிகள், ஓரகத்தியின் தாலிச்சங்கிலி உட்பட எல்லாம் என் மடியிலும் காலடியிலும் இருக்கும். முதல் வருடம் கடைக்குட்டி கைக்குழந்தை, அதனால் உட்கார்ந்தேன். அடுத்த வருடம் இடம் பழகிவிட்டது. அதற்கடுத்த வருடம் யாரும் கேட்கவே இல்லை. "அம்மாவுக்கு உக்காந்து வேடிக்கை பாக்கத்தான் புடிக்கும்" என்று பெரியவன் யாரிடமோ பெருமையாகச் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். தண்ணீர்ப் பக்கம் இருப்பவர்கள் அதற்குரிய உடையில் இருக்க வேண்டும் என்று, பாசார் மாலாம் இரவுச் சந்தையில் முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடை ஒன்று வாங்கி வைத்திருந்தேன். வாங்கின நாளிலிருந்து அது வீட்டுக் குழாய்த் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரைப் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன் கிளம்பிவிடலாம் என்று எல்லோரும் அவசர அவசரமாக உடை மாற்றிக்கொண்டார்கள். நான் நனையவே இல்லை, மாற்ற என்ன இருக்கிறது? மேலே ஒரு சால்வையைப் போட்டுக்கொண்டேன். கார் நிற்கும் இடத்துக்கு வந்து, பைகளையெல்லாம் எங்கள் காரின் பின்பக்கம் அடுக்கினேன். அப்போது கடைக்குட்டி ஒற்றைக்காலில் நின்று, "அம்மா, என் சிலிப்பர் ஒண்ணக் காணோம்" என்றாள். புதுச் செருப்பு. "இருங்க, ஓடி எடுத்துட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். யாரிடம் சொன்னேன்? பொதுவாகச் சொன்னேன். குடும்பத்தில் பொதுவாகச் சொல்வதை யார் காதில் வாங்குகிறார்கள்?

செருப்பு உடை மாற்றும் அறை வாசலில் கிடந்தது. எடுத்துக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால், எங்கள் கார் நின்ற இடத்தில் வேறு யாரோ குடை விரித்துக்கொண்டிருந்தார்கள். வேனும் இல்லை. முதலில் சிரிப்புதான் வந்தது. வளைத்துக்கொண்டு வருவார்கள் என்று நின்றேன். தூறல் விழுந்து நின்றும் போனது. யாரும் வரவில்லை. அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. என் கணவர், நான் வேனில் ஏறிவிட்டேன் என்று நினைத்திருப்பார். வேனில் இருப்பவர்கள் நான் காரில் இருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். இரண்டு வண்டியிலும் நான் இல்லை.

கையில் ஒரு சின்னச் செருப்பு. பணம் இல்லை, கைப்பேசி இல்லை. வாசல் காவலரிடம் சொல்லிவிட்டு, வேறு போக்கிடம் தெரியாமல் மறுபடியும் அதே பெஞ்சுக்கு வந்தேன். பக்கத்துப் பெஞ்சில் காலையிலிருந்தே ஒரு மலாய்ப் பெண் இருந்தார். என் வயதுதான் இருக்கும், அவரைச் சுற்றியும் பை மலை. நாள் முழுக்க இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டதோடு சரி. என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று மலாயில் கேட்டார். சொன்னேன். அவர் உடனே தன் கைப்பேசியை நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு நான் விழித்த விழி இருக்கிறதே! என் கணவர் எண் எனக்குத் தெரியவில்லை, கொழுந்தனார் எண்ணும் தெரியவில்லை. எல்லாம் என் கைப்பேசிக்குள் இருக்கிறது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் என்னுடையதுதான். அதற்கே அடித்தோம். ஓடுகிற காரின் பின்பக்கத்தில், ஈரத் துண்டுகளுக்கு அடியில் அது பாவம் அடித்து அடித்து ஓய்ந்திருக்கும்.

அந்தப் பெண் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. எனக்கும் சிரிப்பு வந்து, அதோடு அழுகையும் வந்தது. "காணாமல் போகும் வயதா எனக்கு?" என்றேன். அவர் என் முழங்காலில் தட்டி, "காக், வருவாங்க. கண்டிப்பா வருவாங்க" என்று அக்கா முறை வைத்து மலாயில் ஆறுதல் சொன்னார். கொஞ்சம் பொறுத்து, "இன்னைக்கு எதுல ஏறுனீங்க?" என்று கேட்டார். எதிலும் இல்லை என்றேன். போன வருடம்? போன வருடமும் இல்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மூட இன்னும் நேரம் இருக்கு. மழைக்குப் பயந்து பாதிப் பேர் போயிட்டாங்க, வரிசையே இல்ல. பாத்துக்க உங்ககிட்ட ஒரு பையும் இல்ல. போங்க!" என்றார். செருப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று என் கையிலிருந்து வாங்கியும் வைத்துக்கொண்டார்.

எனக்கு நீச்சல் தெரியாது. உயரம் என்றாலும் ஆகாது. அன்று அந்தப் படிகளில் என்னை ஏற்றிவிட்டது தைரியம் இல்லை, கோபம். என்னை மறந்துவிட்டுப் போகிறீர்களா, இருங்கள் என்கிற வீம்பு. மிதவையைச் சுமந்துகொண்டு மேலே போய் உட்கார்ந்ததும் வீம்பெல்லாம் இறங்கிவிட்டது. திரும்பிவிடலாம் என்று நான் எழப் பார்த்தபோதே தண்ணீர் என்னைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. கத்தினேன், சாமி பெயரெல்லாம் சொல்லிக் கத்தினேன். கீழே குளத்தில் தொப்பென்று விழுந்து, மூக்கெல்லாம் தண்ணீர் ஏறி, முடி முகத்தில் அப்பிக்கொண்டு எழுந்து நின்றபோது எனக்கு வந்தது அழுகை இல்லை. இன்னொரு முறை போக வேண்டும் என்ற ஆசை வந்தது. பெரியவன் ஏன் மூச்சு வாங்கக்கூட நிற்காமல் ஓடுகிறான் என்று இத்தனை வருடம் கழித்துப் புரிந்தது.

இரண்டாம் முறை போனேன். அந்த மலாய்ப் பெண் தன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கீழே வந்து நின்று கைதட்டினார். மூன்றாம் முறை மேலே போய் மிதவையைக் கீழே வைக்கும்போதுதான் என் பெயர் காதில் விழுந்தது.

என் கணவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். வீட்டில் 'மா', வெளியில் ஒரு தொண்டைக் கனைப்பு, அவ்வளவுதான். எட்டிப் பார்த்தேன். கீழே, பெஞ்சுக்குப் பக்கத்தில் அவர் நின்றிருந்தார். பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கின செருப்பை அந்தப் பெண் பெஞ்சிலேயே போட்டுவிட்டு வந்திருந்தார் போல. காலியான பெஞ்சில் பிள்ளையின் ஒற்றைச் செருப்பு, பக்கத்தில் தண்ணீர், நீச்சல் தெரியாத பெண்டாட்டி. அவர் தலையில் கைவைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினார். ஒவ்வொரு குளத்தையும் குனிந்து பார்த்தார். பார்க்கே கேட்கும்படி என் பெயரைச் சொல்லிக் கத்தினார். பின்னாலேயே ஓரகத்தி அழுதுகொண்டே ஓடிவந்தாள். கடைக்குட்டி அவள் கையைப் பிடித்திருந்தாள்.

உண்மையைச் சொல்கிறேன், நான் உடனே குரல் கொடுக்கவில்லை. ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றேன். கோபம் கொஞ்சம் மிச்சம் இருந்தது என்பதும் உண்மை. ஆனால் அந்த மனிதர் குளத்தைக் குனிந்து பார்த்த விதத்தைப் பார்த்ததும் அந்தக் கோபமும் போய்விட்டது. "இங்க இருக்கேங்க!" என்று கத்தினேன். தண்ணீர்ச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. படியில் இறங்கிப் போனால் நேரம் ஆகும். அவரிடம் சீக்கிரம் போய்ச் சேர ஒரே வழிதான் இருந்தது. மிதவையில் உட்கார்ந்தேன்.

நான் கீழே வந்து விழுந்தபோது அவர் பார்த்துவிட்டார். மாற்றின காய்ந்த உடையோடு, சப்பாத்தோடு, கைப்பேசியும் பர்சும் பையில் இருக்க, அப்படியே தண்ணீருக்குள் இறங்கி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். தண்ணீர் அவருக்கு இடுப்பளவுகூட இல்லை. ஆனாலும் என்னைக் காப்பாற்றுகிற மாதிரி இழுத்துக்கொண்டு கரைக்கு வந்தார். கரை ஏறியும் என் மணிக்கட்டை விடவில்லை. கடைக்குட்டிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அம்மா, நீங்களா சறுக்குனீங்க?"

"மூணாவது தடவ!" என்று அந்த மலாய்ப் பெண் மூன்று விரலைக் காட்டினார். மொழி தெரியாதவர்களுக்கும் அது புரிந்திருக்கும்.

திரும்பும் வழியில் தஞ்சோங் பூங்கா என்ற ஊர்ப் பக்கம், தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்தும் மாமாக் கடை ஒன்றில் வருடா வருடம் நிறுத்திச் சாப்பிடுவோம். அங்கே மறுபடியும் நிறுத்தினார்கள். தேநீர் ஆற்றும் அண்ணன் என்னைப் பார்த்ததும், "அக்கா, வந்துட்டீங்களா! நல்ல ஆளுங்க லா இவங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம்தான் கதை வெளியே வந்தது. முதலில் இங்கே வந்து எல்லோரும் இறங்கி, உட்கார்ந்து, மீ கோரெங் சொல்லியும் ஆகிவிட்டதாம். அந்த அண்ணன்தான், வருடா வருடம் நான் கேட்கும் கடுந்தேநீரையும் சேர்த்துக் குவளைகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சீனி கொறைச்ச தே ஓ யாருக்கு? அக்கா எங்க?" என்று கேட்டிருக்கிறார். காரில் வந்தவர்கள் வேனில் வந்தவர்களைப் பார்த்தார்களாம், வேனில் வந்தவர்கள் காரில் வந்தவர்களைப் பார்த்தார்களாம். நான் செருப்பெடுக்கப் போனது தெரிந்த கடைக்குட்டி வேனில் ஏறியதுமே தூங்கிவிட்டாளாம். இதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. வருடத்துக்கு ஒருமுறை பார்க்கும் ஆளுக்குத் தெரிந்தது, வீட்டில் இருக்கிற இத்தனை பேருக்குத் தெரியவில்லையே என்று அந்த மேசையிலேயே கேட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். பெரியவன் தலையைக் குனிந்துகொண்டான்.

வீட்டுக்கு வந்து, பிள்ளைகள் படுத்த பிறகு இவர் மெதுவாகச் சொன்னார். "கடையில தெரிஞ்சப்பக்கூட நான் பயப்படலமா. பெஞ்சுலதான் உக்காந்திருப்ப, போய்க் கூட்டிட்டு வந்துரலாம்னு நெனச்சேன். அங்க நீ இல்லாதப்பதான்…" என்று நிறுத்திவிட்டார். வாசலில் காவலர் ஏதோ சொல்ல வந்ததையும் கேட்காமல் உள்ளே ஓடியிருக்கிறார்.

அடுத்த வருடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே பைகளை எடுத்துக்கொண்டு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் சலித்துப்போய், "எப்பிடிமா இத்தன வருஷம் உக்காந்திருந்த?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை என்றேன். பிறகு முறை வைத்துக்கொண்டோம். நானும் பெரியவனும் போட்டி போட்டுக்கொண்டு அந்தச் சறுக்கில் இறங்கிய விடுமுறைகள்தான் என் வாழ்க்கையிலேயே அதிகம் சிரித்த நாட்கள்.

இப்போது பெரியவன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். நடுவில் பிறந்தவள் கோலாலம்பூரில் படிக்கிறாள். கடைக்குட்டிக்கு அப்பா அம்மாவோடு அங்கே வர வெட்கம் வந்துவிட்டது. கொழுந்தனாரின் வேனும் கைமாறிவிட்டது. வண்டியில் இடம் பிடிக்கச் சண்டை போட்டதும், ஈரத்தலையோடு ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்ததும் நினைவுக்கு வரும்போது மனம் கனத்துப் போகிறது. அந்த நாளைப் பற்றி இன்றைக்கும் என்னை எல்லோரும் கேலி செய்கிறார்கள், நானும் அவர்களை விடுவதில்லை. விட்டுவிட்டுப் போனதை எப்போதோ மன்னித்துவிட்டேன். ஆனால் மறக்கச் சொன்னால் மறக்க மாட்டேன், ஏனென்றால் நம்மைக் காணோம் என்று ஒருவர் அப்படித் தவித்துத் தேடுவதை மேலே நின்று கண்ணால் பார்க்கும் பாக்கியம் எல்லாப் பெண்களுக்கும் கிடைத்துவிடுவதில்லை.