ரவிக்கைத் துண்டுப் போர்வையும் நான் போட்ட மனுவும்

நடராசப் பெருமானை நம்பியிருக்கும் உங்களிடம் இதைச் சொல்லாமல் இருந்தால் எனக்கு ஆறாது.

போன கார்த்திகையில் புயல் கடலோரத்துக் குடிசைகளைப் பிய்த்துப் போட்டபோது, என் கணவர் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எந்தப் பொருளுக்கு யார் கையெழுத்து வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் காலையில் எழுந்து யாருக்குக் காபி போடுவது என்று தெரியாமல் நின்றேன்.

டிரங்குப் பெட்டி நிறைய ரவிக்கைத் துண்டுகள் கிடந்தன. நவராத்திரிக்கு நவராத்திரி வெற்றிலை பாக்கோடு வந்தவை. நம் டவுன்ஷிப்பில் அவற்றை யாரும் தைத்துப் போடுவதில்லை. அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடுவதோடு சரி. சில துண்டுகளுக்கு என்னைவிடச் சர்வீஸ் அதிகம். இனி எனக்கு யாரும் தரப் போவதில்லை, நான் தந்தாலும் வாங்கப் போவதில்லை. எடுத்து வெட்டினேன். துண்டோடு துண்டை ஒட்டி, உள்ளே பழைய நூல் புடவையை மடித்து வைத்து, முகாமில் வெறுந்தரையில் படுத்திருப்பவர்களுக்குப் போர்வைகள் தைத்தேன். தைக்கும்போது மட்டும் அழவில்லை.

எங்கள் பிளாக்கில் நிவாரணம் சேர்த்தவள் பெண்கள் சங்கத் தலைவி சுலோசனா. வேன் பக்கத்தில், எல்லார் முன்னிலையிலும், என் மூட்டையைத் தொடாமலே சொன்னாள்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ஜனங்க ஏற்கெனவே எல்லாத்தையும் பறிகொடுத்துட்டு நிக்குதுங்க. உங்க கையால தைச்சது... வேணாமே.”

“எந்த சர்க்குலர்ல இருக்கு, சுலோசனா?”

“இதுக்கெல்லாம் சர்க்குலரா? பிஸ்கட் பாக்கெட் ஏதாவது வாங்கிக் குடுங்களேன். அதுல உங்க கை படாதுல்ல.”

யாரோ சிரித்தார்கள். மூட்டையோடு நேராகக் கோயிலுக்குப் போனேன்.

நம் கோயிலில் மனு எழுதிப் பெட்டியில் போட்டு மணி அடிப்பது உங்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். வேலைக்காலம் முழுக்க ஊரார் மனுக்களில் குறை கண்டு திருப்பி அனுப்பியவள், என் மனுவைக் குறையில்லாமல் எழுதினேன். அனுப்புநர், பெறுநர், பொருள். ‘மேற்படி சுலோசனா என் வாசலுக்கு வந்து, தன் வாயால் கேட்டு, நடுங்கும் கையால் என் போர்வையை வாங்க வேண்டும்.’ மன நிம்மதி கேட்கவில்லை. மணியைப் பலமாகவே அடித்தேன். மறுநாளும் போய் நினைவூட்டினேன்.

அந்த வாரமே மழை திரும்பியது. பழைய குவார்ட்டர்ஸ். சுலோசனா வீட்டுத் தளம் ஒழுகி மெத்தை, ஜமுக்காளம் எல்லாம் ஊறிப்போயின. உள்ளே பிரசவத்துக்கு வந்த மகளும் பச்சைக் குழந்தையும். அக்கம்பக்கத்தில் மிச்சமிருந்த போர்வைகளை அவளே கேட்டு வாங்கி முதல் வேனில் ஏற்றிவிட்டிருந்தாள். காய்ந்த போர்வை இருந்தது என் வீட்டில் மட்டும்.

சாயங்காலம் வாசலில் வந்து நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“மேடம், கொழந்தைக்கு ஒரு போர்வை...”

“யார் கை பட்டதுன்னு தெரியும்ல?”

“தெரியும்.”

“பச்சப் புள்ளைக்கு ஆகுமா?”

“குடுங்க மேடம். கெஞ்சிக் கேக்குறேன்.”

கை நடுங்கியது. வார்த்தை பிசகாமல் மனுவில் எழுதியபடியே. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவளை உட்காரச் சொல்லவில்லை. அது மனுவில் இல்லை.

எந்தப் போர்வையைத் தர வேண்டும் என்று எனக்குத் தெரியும். நடுவில் கிளிப்பச்சைத் துண்டு வைத்தது. பிரித்துப் பார்த்தவள் அந்தத் துண்டை விரலால் தடவினாள்.

“இது... நான் உங்களுக்கு வெச்சுக் குடுத்ததாச்சே.”

“ஆமா. இதுல உன் கையும் பட்டிருக்கு. போ, கொழந்தைக்குப் போத்து.”

குழந்தைக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அடுத்த வேனில் மீதிப் போர்வைகளைச் சுலோசனாவே தலையில் சுமந்து வந்து ஏற்றினாள். அன்று சிரித்தவர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவ்வளவு இனிப்பாக எதையும் நான் சாப்பிட்டதில்லை.

இப்போது பிளாக்கில் இருக்கிற ரவிக்கைத் துண்டெல்லாம் என் வீட்டுக்குத்தான் வருகிறது. சுலோசனாவும் தைக்க வருகிறாள். உட்காரச் சொல்கிறேன், காபி தருகிறேன். தையல் கோணினால் பிரிக்கச் சொல்கிறேன். அடிக்கடி கோணுகிறது.

உங்களுக்கும் யார் மேலாவது ஆறாத கோபம் இருந்தால் உள்ளுக்குள் வைத்துப் புழுங்காதீர்கள். தெளிவாக எழுதி நடராசப் பெருமான் பெட்டியில் போடுங்கள். கேட்டதைத் தருவார். காலையில் இரண்டு டம்ளர் காபி போட ஓர் ஆளையும் கேட்காமலே சேர்த்துத் தருவார். அந்த ஆள் யார் என்பதில் மட்டும் மேல்முறையீடு கிடையாது.