ஏற மறுத்த வேன் கூரை

முதுகுத்தண்டில் ஆபரேஷன் முடிந்ததிலிருந்து என் மனைவி குனியவே கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு. அவளுக்கோ வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போயே ஆக வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வேண்டிக்கொண்டது. கூட்ட நாளில் அங்கே ரூம் கிடைப்பது குதிரைக் கொம்பு; மற்றவர்கள் மாதிரி தரையில் படுத்து எழ இவளால் முடியாது. உள்ளேயே படுத்து எழுந்துகொள்ளலாம் என்று ஒரு பழைய வேனை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினேன். எட்டிப் பார்த்தவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நிமிந்து நின்னு சேலை கட்டணும்ங்க. அது முடியும்னா வாரேன். இல்லேன்னா நீங்க மட்டும் போயி மாதாவக் கும்பிட்டு வாங்க."

சரி, கூரையை அறுத்து, வண்டி நிற்கும்போது மேலே தூக்குகிற மாதிரி செய்துவிடலாம் என்று இறங்கினேன். திண்டுக்கல்லில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருப்பவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்ற நினைப்பு. நாலு மூலையிலும் கப்பி வைத்து, நாலு கம்பிக் கயிற்றையும் ஒரே கைச்சக்கரத்தில் சுற்றி இழுத்தேன். மூன்று மூலை ஏறியது. பின்மூலை ஒன்று மட்டும் மாட்டேன் போ என்று உட்கார்ந்துகொண்டது. அதை இழுத்தால் எதிர்மூலை இறங்கும். அட கடவுளே!

கூட வேலை பார்த்த மச்சினன், அவளுடைய தம்பி, சிரித்தான். "மாமா, அக்கா தாராளமா நிக்கலாம். என்ன, ஒரு பக்கமா சாஞ்சுக்கிட்டு நிக்கணும்."

"ஏலே, வாய மூடிட்டுக் கம்பியப் பிடி."

கயிற்றை வீசிவிட்டு மூலைக்கொரு திருகு ராடு நிறுத்தினேன்; சுற்றச் சுற்றக் கூரையை மேலே தள்ளும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சைக்கிள் பல்சக்கரம். நாலையும் சுற்றி ஒரே செயின். ஒன்று சுற்றினால் நாலும் சுற்றியே தீர வேண்டும். எங்கே! பாதி ஏறியதும் செயின் தொய்ந்து பல்லைத் தாண்டும். அந்த டக் டக் சத்தம் கேட்டாலே எனக்கு ரத்தம் தலைக்கேறும். தட்டில் இருக்கிற வெஞ்சனம் என்னவென்றே தெரியாமல் தின்றுவிட்டு லேத் பட்டறைக்கு ஓடுவேன். தொய்வை இழுத்துப் பிடிக்க நடுவில் இன்னொரு சக்கரம் வைத்த பிறகுதான் அந்தச் சனியன் அடங்கியது.

ராடுகளின் நீளத்துக்கு, அவளைச் சுவரோரம் நிறுத்தி டேப்பால் அளந்திருந்தேன். அவள் உயரம், அதற்கு மேல் நாலு விரல். அதைத் தாண்டி கூரை ஒரு நூல்கூட ஏறாது.

திருவிழாவுக்கு முந்தின வாரம் கூரை மட்டமாக ஏறி நின்றது. ரசமட்டத்தில் குமிழி நட்டநடுவில். மச்சினன் விசிலடித்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவளைக் கைபிடித்து ஏற்றினேன். நேராக நின்றாள். தலை தட்டவில்லை. நைட்டிக்கு மேலேயே சேலையைக் கட்டிப் பார்க்கிறேன் என்றாள். கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன்.

டொம்மென்று தகரத்தில் ஒரு சத்தம். மறுபடியும் டொம்.

"என்னடி ஒடைக்கிற?"

"கைங்க. முந்தானையத் தூக்கித் தோள்ல போடணும்ல. மேல இடிக்குது."

கல்யாணமான நாளிலிருந்து அவள் சேலை கட்டுவதைப் பார்க்கிறேன். கை தலைக்கு மேல் போகும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நாலு ராடும் தண்டம். மொத்தத்தையும் பிரித்து முதலிலிருந்து செய்ய வேண்டும். வந்த ஆத்திரத்தில் வேன் கதவை ஓங்கி அடித்தேன்.

"செத்த குனிஞ்சு போட்டாத்தான் என்னவாம்?"

 மச்சினன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு கதவு திறந்தது. பாதி கட்டிய சேலையை அள்ளிப் பிடித்தபடி நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"குனிய முடிஞ்சா இந்த வேனே எதுக்குங்க?"