மண்டபச் சாவி

வெங்கடாசலம் கதை, நாவல் பக்கம் போகமாட்டார். இல்லாததை இட்டுக்கட்டி எழுதினால் அவருக்கு ஆகாது. சூரமங்கலத்தில் ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்த்த காலத்திலிருந்தே அவர் தேடித் தேடிப் படித்தது ஒரே வகைப் புத்தகம்தான்: புயலும் வெள்ளமும் வந்துபோன ஊர்களில் அதற்குப் பிறகு நடந்த அநியாயங்கள். நிவாரணச் சோறு எந்தத் தெருவோடு நின்றது, முகாமில் யாரை வெளியே படுக்க வைத்தார்கள் என்று யாராவது நேரில் கேட்டு எழுதியிருந்தால் போதும், பென்சிலும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். படித்ததை மனதுக்குள் வைத்துக்கொள்ளவும் தெரியாது. ஓய்வு பெற்று ஓமலூர் பக்கம் சொந்த ஊருக்கு வந்த பிறகு, டீக்கடையில் அவர் தலை தெரிந்தாலே பாதிப் பேர் டம்ளரைக் காலி செய்துவிட்டுக் கிளம்பினார்கள். ஆனால் அந்தக் கோபத்தில் பொய் கிடையாது. நேர்மையான ஆள் என்றுதான் பங்காளிகள் சேர்ந்து கட்டிய கல்யாண மண்டபத்தின் சாவியை அவரிடம் கொடுத்து வைத்திருந்தார்கள்.

போன கார்த்திகையில் விடாமல் பெய்த மழையில் ஏரி நிரம்பி, ஓடைக்கரைக் காலனிக்குள் விடியற்காலையில் தண்ணீர் புகுந்தது. காலனியிலிருந்து ஆட்டோ ஓட்டும் மதியழகன் நனைந்துகொண்டே அவர் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"ஏனுங்க சார், ஊட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணிங்க. கொழந்தைங்களோட மண்டபத்து வாசல்ல நிக்கறமுங்க. கொஞ்சம் தொறந்து உடோணுங்க."

வெங்கடாசலம் பதறிப்போனார். குடையை எடுத்துக்கொண்டு ஓடி, மண்டபத்துக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்தும் கொட்டகையைத் திறந்துவிட்டார். பெரிய ஹாலைத் திறக்கவில்லை. வியாழக்கிழமை அங்கே முகூர்த்தம். ஜமக்காளமெல்லாம் வெளுத்து வந்து அடுக்கியாகிவிட்டது. மண்டபக் கமிட்டித் தலைவரை ஒரு வார்த்தை கேட்காமல் எப்படித் திறப்பது? தலைவரோ போனை எடுக்கவில்லை. எல்லாருக்கும் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினார்.

நடந்ததை வீட்டில் சொல்லிக்கொண்டே தலையைத் துவட்டிவிட்டு, பாதியில் விட்ட புத்தகத்தை எடுத்தார். ஒரு புயல் முகாமில் நிஜமாக நடந்தது. பள்ளிக்கூடத்து அறைகளைப் பூட்டி வைத்துக்கொண்டு, ஒரு தெருக்காரர்களை மட்டும் சைக்கிள் கொட்டகையில் தங்க வைத்திருக்கிறார்கள். அவருக்கு வந்ததே கோபம். மனைவி அறிவுச்செல்வியைக் கூப்பிட்டுச் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "பள்ளிக்கூடத்துச் சாவி ஆருகிட்ட இருந்துச்சுங்க?"

"அதெல்லாம் எழுதல. எவனோ ஒருத்தன்."

"அவரும் டீ வாங்கிக் குடுத்திருப்பாருங்களா?"

வெங்கடாசலம் அந்தப் பக்கத்தை மறுபடி படித்தார். சாவியை எடுத்துக்கொண்டு, குடையை மறந்து கிளம்பினார்.

கொட்டகைக்குள் சாரல் அடித்துத் தரையெல்லாம் ஈரம். பெண்கள் பிள்ளைகளை மடியில் தூக்கி வைத்திருந்தார்கள். அவர் ஹால் கதவைத் திறந்து, "எல்லாரும் உள்ள வாங்க" என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை.

"இதே போதுங்க சார். வியாழக்கெழம முகூர்த்தமுங்களே" என்றான் மதியழகன்.

முகூர்த்தத்தைப் பற்றி அவர் அவர்களிடம் மூச்சே விடவில்லை. அவர்களே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அதுதான் அவரைக் கொன்றது. உள்ளே போய், வெளுத்த ஜமக்காளத்தைத் தானே இழுத்துப் போட்டு விரித்தார். அதைப் பார்த்த பிறகுதான் ஒரு பெண் குழந்தையோடு படியேறி வந்தாள். அவள் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள்.

அதற்குள் யாரோ சேதி சொல்லி, தலைவர் போனில் கூப்பிட்டார். யாரைக் கேட்டுத் திறந்தாய் என்று சத்தம் போட்டார்.

"ஆரையும் கேக்கலீங்க" என்றார் வெங்கடாசலம். "சாவி எங்கிட்டத்தானுங்களே இருந்துச்சு."